குடியாத்தம் டீச்சரின் கேள்வி: ரிசர்ச் செமினாரில் என்ன பேசுவது?

குடியாத்தம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியை கேட்டிருக்கிறார். கல்வித் தலைமை, கல்விக் கொள்கை சார்ந்த தலைப்பில் பகுதி நேர பிஎச்.டி.க்குப் பதிவு செய்து எட்டு மாதம் ஆகிறதாம். அடுத்த மாதம் ரிசர்ச் செமினாரில் பேச வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். என்ன பேசுவது, எத்தனை ஸ்லைடு வைப்பது, ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா, சான்றிதழ் கிடைக்குமா, இது வெறும் சடங்குதானா? இவை அவர் கேள்விகள். வேலூரில் கல்வியியல் படிப்புகளில் பாடம் நடத்தி, இப்படிப்பட்ட சனிக்கிழமை செமினார்களில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சான்றிதழ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நம் ஊரில் செமினார் என்றாலே பேனர், குத்துவிளக்கு, பதிவுக் கட்டணம், மதியம் பிரியாணி, நாலு மணிக்குச் சான்றிதழ். அது கருத்தரங்கு, உங்கள் கைடு சொல்லும் ரிசர்ச் செமினார் வேறு. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2016 விதிமுறைப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். சான்றிதழுக்கு அவ்வளவு கிராக்கி வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2022 நவம்பரில் வந்த விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக ஏதாவது நிபந்தனை வைத்திருக்கலாம், அதன் விதிகளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதே 2022 விதிமுறையில் வேறொன்று இருக்கிறது. ஒவ்வொரு செமஸ்டரும் நீங்கள் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் வந்து, வேலை எங்கே நிற்கிறது என்று பேசி, சின்ன அறிக்கையும் தர வேண்டும்.

அந்தக் குழு வேறு, செமினார் வேறு. குழுவில் உங்கள் ஆய்வு தொடரலாமா என்று முடிவு செய்கிறார்கள், மினிட்ஸ் எழுதுகிறார்கள். அங்கே தடுமாறினால் அது ஃபைலில் ஏறும். தடுமாறுவதற்கென்றே இருக்கிற இடம் செமினார். பாதி வெந்ததை அங்கே கொண்டுவரலாம், கொண்டுவரவும் வேண்டும். முழுசாக வெந்ததைக் கொண்டுவந்தால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, "நல்லா இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

உங்கள் தலைப்பை நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் ஊகிக்கிறேன், தவறாக இருந்தால் மன்னியுங்கள். "வேலூர் மாவட்டத் தலைமை ஆசிரியர்களின் தலைமைத்துவ நடத்தைக்கும் ஆசிரியர்களின் பணித் திருப்திக்கும் உள்ள தொடர்பு." ஆண் பெண், நகரம் கிராமம், அரசு உதவிபெறும் தனியார், அனுபவம் பத்து வருடத்துக்குள், அதற்கு மேல் என்று நாலைந்து மாறிகள். முந்நூறு பேரிடம் ஒரு டூல், அதாவது கூற்றுகள் அடங்கிய கேள்வித்தாள். டி-டெஸ்ட், அனோவா என்று புள்ளியியல் சோதனைகள், 0.05 மட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று முடிவு. நான் பார்த்த ஆய்வேடுகளில் பாதிக்கு மேல் இந்த அச்சில் வார்த்தவை. மாவட்டத்தின் பெயரை மாற்றிவிட்டால் அதே ஆய்வேடு திருநெல்வேலிக்கும் பொருந்தும். ஆய்வு மாணவர்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்தத் தலைப்பை ஆரம்பத்திலேயே ஒரு அறையில் வைத்து யாரும் உடைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

உடைப்பது என்றால் எப்படி என்று டூலை வைத்தே சொல்கிறேன். கல்வித் தலைமை ஆய்வில் உலகம் முழுக்கப் புழங்கும் அளவுகோல் ஒன்று பிலிப் ஹாலிங்கர் 1980களில் கலிபோர்னியாவில் உருவாக்கியது. 10 பணிகள், 50 கூற்றுகள். நம் ஊரில் பலரும் அதையோ அதன் சாயலில் வந்த ஒன்றையோ தமிழாக்கிப் பயன்படுத்துகிறார்கள். கற்பிக்கும் நேரத்தை ஒலிபெருக்கி அறிவிப்புகள் குலைக்காமல் பள்ளி முதல்வர் பார்த்துக்கொள்கிறாரா என்று அதில் ஒரு கூற்று வரும். ஒருமுறை செமினாரில் ஓர் ஆய்வு மாணவி இதைப் படித்தபோது, அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை மலைப் பக்கம் வேலை பார்த்த ஒருவர் சிரித்துவிட்டார். "சார், நானும் இன்னொரு டீச்சரும்தான் பள்ளிக்கூடமே. நான் கையை உயர்த்தினால் அதுதான் ஒலிபெருக்கி."

சிரிப்போடு விடவில்லை. அந்த அளவுகோல் யாரை மனசில் வைத்துச் செய்யப்பட்டது? தனி அறையில் உட்கார்ந்து, வகுப்பெடுக்காமல், மற்றவர் வகுப்பைப் பார்வையிடுகிற முதல்வரை. நம் தொடக்கப் பள்ளியில் இருப்பவர் தலைமை ஆசிரியர். பெயரிலேயே ஆசிரியர் இருக்கிறது. இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, எமிஸ் என்ற அரசு இணையத்தளத்தில் வருகைப் பதிவையும் போட்டு, சத்துணவு அரிசியையும் சரிபார்க்கிறவர். அவரிடம் அந்த 50 கூற்றுகளையும் கேட்டு, "கற்பித்தல் தலைமை சராசரிக்கும் கீழ்" என்று முடிவு எழுதினால் அளந்தது யாரை? அன்று அந்த ஆய்வு மாணவி டூலை மாற்றவில்லை, தன் கேள்வியை மாற்றினார். ஈராசிரியர் பள்ளியில் தலைமை என்று எதைச் சொல்லலாம் என்று கேட்க ஆரம்பித்தார்.

புள்ளிவிவரம் வைத்துப் பேசுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் இந்தக் குழியில் விழாதவர்கள் குறைவு. ஓர் ஆய்வு மாணவர் யுடைஸ் என்ற பள்ளிக் கணக்கெடுப்புத் தரவிலிருந்து அழகான வரைபடம் போட்டுக் காட்டினார். 2016 வாக்கில் இருந்த வேலூர் மாவட்ட அரசுப் பள்ளி மாணவர் எண்ணிக்கை, 2021 வாக்கில் பாதிக்கும் கீழே போய்விட்டது. தனியார் பள்ளி மோகம், ஆங்கில வழி ஆசை, கொரோனா என்று மூன்று காரணங்களை வரிசையாக அடுக்கினார். ஓய்வு பெற்ற வட்டாரக் கல்வி அலுவலர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். "எல்லாம் சரி தம்பி, ராணிப்பேட்டை எங்கே?" என்றார். 2019ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. பழைய வேலூரின் 20 ஒன்றியங்களில் 7 இங்கே நின்றன, 7 ராணிப்பேட்டைக்கும் 6 திருப்பத்தூருக்கும் போயின. பிள்ளைகள் எங்கும் போகவில்லை, எல்லைதான் நகர்ந்தது. மூன்று காரணங்களும் அந்த இடத்திலேயே ஆவியாகிவிட்டன.

இதே எச்சரிக்கை தேர்ச்சி விகிதத்துக்கும் உண்டு. 2024 பத்தாம் வகுப்பு முடிவில் அரியலூர் 97.31 சதவீதத்தோடு முதலிடம், வேலூர் 82.07 சதவீதத்தோடு கடைசி. அந்த வருடம் என்னிடம் வந்த பாதிப் பேருக்கு "வேலூர் ஏன் கடைசி?" என்பதுதான் தலைப்பு. நல்ல கோபம், ஆனால் ஆய்வுக் கேள்வியாக அது இன்னும் தேறவில்லை. பிரிக்கப்படாத மாவட்டத்தின் பழைய தரவரிசை இடத்தோடு இதை ஒப்பிட முடியாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன பிள்ளை இந்தப் பின்னத்தின் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. மாவட்டம் என்ற அலகில் எதைப் பார்க்கிறோம், பள்ளி என்ற அலகில் எதைப் பார்க்கிறோம் என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது கொள்கை. தமிழில் இந்தச் சொல்லோடு எனக்கு எப்போதும் ஒரு சின்ன மல்லுக்கட்டு உண்டு. கொள்கை என்றதும் நம் மனசு கட்சிக்குப் போய்விடுகிறது. பள்ளிக்கூடத்தில் கொள்கையைப் பார்த்தவர் யார்? நாம் பார்ப்பது அரசாணை, இயக்குநரின் செயல்முறைகள் (அலுவலக உத்தரவு), அதை ஒட்டி சி.இ.ஓ.வின் (முதன்மைக் கல்வி அலுவலர்) செயல்முறைகள், கடைசியில் பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) குரூப்பில் வரும் வாட்ஸ்அப் செய்தி. பல நேரம் வாட்ஸ்அப் முதலில் வந்துவிடும், செயல்முறைகள் மூன்று நாள் கழித்து வரும். செமினாரில் நான் அடிக்கடி கொடுக்கிற பயிற்சி இதுதான்: ஏதாவது ஒரு திட்டத்தை எடுங்கள், தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் என்று வைத்துக்கொள்வோம், 2022 ஜூனில் தொடங்கியது. அதற்கான இந்த நாலு காகிதங்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எந்த வார்த்தை மேலிருந்து கீழே வரும்போது மாறுகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். மேலே "ஊக்குவிக்கலாம்" என்று இருப்பது நடுவில் "வேண்டும்" ஆகும். கீழே வரும்போது "இன்று மாலை 4 மணிக்குள் போட்டோவுடன்" ஆகியிருக்கும். ஒரு கொள்கை பள்ளிக்கு வந்து சேரும் பாதை முழுக்க அந்தக் கோடுகளில் தெரியும். நிர்வாக மாற்றத்தையும் இப்படியே படிக்கலாம். 2018ன் அரசாணை 101 மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பணியிடத்தை எடுத்துவிட்டு எல்லாப் பள்ளிகளையும் சி.இ.ஓ., டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்) வரிசைக்குள் கொண்டுவந்தது. 2022ன் அரசாணை 151 தொடக்கக் கல்வி, இடைநிலை, தனியார் பள்ளிகள் என டி.இ.ஓ.க்களை மறுபடி பிரித்தது. நடுவில் இருந்த நாலு வருடத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஹெச்.எம். தன் குறையை யாரிடம் கொண்டுபோனார்? உங்களுக்கு அதற்கு நேரடியாகப் பதில் தெரியும். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் ஆறு மாதம் அலைந்தாலும் கிடைக்காத பதில் அது.

இங்கேதான் உங்கள் ஐந்தாவது கேள்விக்கு வருகிறேன், சடங்கா என்று கேட்டீர்களே. ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வு மாணவர் ஒருவர், அவரும் தலைமை ஆசிரியர்தான், பெற்றோர் பங்கேற்பு பற்றி இருபது பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21: பள்ளி மேலாண்மைக் குழுவில் 75 சதவீதம் பெற்றோர், 50 சதவீதம் பெண்கள். அவர் எடுத்த பள்ளிகளில் கணக்கு அச்சுப் பிசகாமல் இருந்தது. கூட்டம் நடந்திருக்கிறது, தீர்மானம் நிறைவேறியிருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. "பங்கேற்பு உயர்நிலையில் உள்ளது" என்று முடிவும் எழுதியாகிவிட்டது. தீர்மானப் பதிவேட்டின் நகல் ஏதாவது கையில் இருக்கிறதா என்று கேட்டேன். பையிலிருந்து ஒரே ஒரு பக்க ஜெராக்ஸ் எடுத்தார். அந்தப் பக்கத்திலேயே இரண்டு மணி நேரம் போனது.

கூட்டம் பிற்பகல் 3 மணி என்று போட்டிருந்தது. பெண் உறுப்பினர்களின் கையெழுத்து வரிசையாக இருந்தது. ஆம்பூரிலிருந்து வரும் ஆய்வு மாணவி ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதில் எத்தனை பேர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் சார்?" ஐந்தாறு பேர் இருப்பார்கள் என்றார். "கம்பெனி வேன் காலையில் ஏற்றினால் இருட்டும் நேரத்துக்குத்தானே இறக்கிவிடும். மூணு மணிக்கு எப்படி வந்தார்கள்?"

அவர் கொஞ்ச நேரம் ஜெராக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "நோட்டு வீட்டுக்குப் போகும். சத்துணவு அம்மா சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்து வாங்கி வருவாங்க. என் பள்ளியிலும் அப்படித்தான்."

இதோடு விட்டிருந்தால் அது வெறும் குற்றம் கண்டுபிடிப்பு. வேறொருவர் கேட்டார்: "சத்துணவு அம்மா வாசலில் நின்று என்ன சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்? அந்த அம்மாக்கள் திருப்பி ஏதாவது கேட்கிறார்களா?" யோசித்துப் பார்த்தால், கேட்கிறார்கள். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்று பெண் சொன்னதே, அது என்ன ஆச்சு என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாதவர் தன் வீட்டு வாசலில் பேசுகிறார். அந்தத் தண்ணீர் விஷயம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, ஆனால் அடுத்த மாதம் மோட்டார் சரியாகியிருக்கிறது. அந்த மாணவரின் ஆய்வில் உயிருள்ள அத்தியாயம் பிறகு அந்த வாசல்படியில்தான் முளைத்தது. மைக்கேல் லிப்ஸ்கி என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1980ல் சொன்ன கருத்து ஒன்று உண்டு: மக்களை நேரில் சந்திக்கிற கீழ்மட்ட ஊழியர் தன் நெருக்கடியைச் சமாளிக்க என்ன செய்கிறாரோ, நடைமுறையில் அதுவே கொள்கை. அந்தக் கருத்தை மாணவர் முன்பே தன் இலக்கிய மீளாய்வில் (முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் பகுதி) ஒரு பத்தி எழுதியிருந்தார். தான் கையெழுத்து வாங்க நோட்டை அனுப்பியபோது தானும் அப்படிப்பட்ட ஊழியர்தான் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

உங்களைப் போல உள்ளே இருந்துகொண்டே ஆய்வு செய்பவர்களுக்குச் செமினார் கொடுப்பது இதைத்தான். உங்களுக்கு நிறையத் தெரியும். தெரிந்தது பழகிப்போனதால் கண்ணில் படாது. பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருத்தர் வேன் நேரத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இதில் ஆபத்தும் உண்டு, மறைக்க மாட்டேன். நம் துறையின் செமினாரில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் அதிகாரிகள். ஒரே அறையில் ஹெச்.எம். ஒருவர், அவருடைய ஒன்றியத்து பி.இ.ஓ. ஒருவர், இரண்டு பேரும் ஆய்வு மாணவர்கள். பி.இ.ஓ.வின் கட்டுரையில் ஓட்டை இருக்கிறது என்று ஹெச்.எம். சொல்வாரா? திங்கட்கிழமை பி.இ.ஓ. தன் பள்ளியைப் பார்வையிட வந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பார். நாங்கள் செய்துபார்த்ததில் ஓரளவு பலித்தது ஒன்றுதான்: கேள்விகளைத் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதிக் கொடுப்பது, ஒருவர் எல்லாவற்றையும் படிப்பது. கைடும் முதல் அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது. அவர் பேசிவிட்டால் மற்றவர்கள் "சார் சொன்னதுதான்" என்று முடித்துக்கொள்வார்கள். (நானே இந்த விதியைப் பல தடவை மீறியிருக்கிறேன். வாத்தியார் வாய் சும்மா இருக்காது.) அறையில் ஒருவர் ஒப்புக்கொண்டதை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

பெயர் மறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. "மலைப்பகுதிப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியை, 52 வயது" என்று எழுதினால் பெயரை மறைத்ததாக நினைத்துக்கொள்வோம். ஏழு ஒன்றியங்கள் உள்ள மாவட்டத்தில் அது யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். வயதையோ இடத்தையோ விடுங்கள், இரண்டையும் சேர்த்து எழுதாதீர்கள். பள்ளிகளுக்குப் போகும் முன் சி.இ.ஓ. அலுவலக அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கே இரண்டு மாதம் பிடிக்கலாம் என்று கணக்கு வையுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். செமினாருக்கு ஒரு வாரம் முன்பே ஆறேழு பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். அன்று நீங்கள் பத்து நிமிடத்துக்கு மேல் பேச வேண்டாம். உங்கள் கட்டுரை என்ன சொல்கிறது என்று வேறொருவரை எழுந்து சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதாக நினைத்ததும் அவர் படித்ததும் எவ்வளவு தூரம் என்று அங்கேயே தெரிந்துவிடும், கொஞ்சம் வலிக்கவும் செய்யும். மீதி ஒரு மணி நேரம் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித் தற்காத்துக்கொள்ளாதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். ஸ்லைடு இரண்டு போதும்: ஒன்றில் கேள்வி, இன்னொன்றில் ஒரு காகிதத்தின் படம். முப்பது ஸ்லைடு வைத்து, தலைமைத்துவத்துக்கு எட்டு அறிஞர்களின் வரையறையில் தொடங்குகிறவர்களுக்கு நேரம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மொழி. ஆய்வேடு ஆங்கிலத்தில் என்றால் அது ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். செமினாரில் தமிழில் பேசுங்கள், கைடிடம் முன்பே கேட்டுக்கொண்டு. எங்கள் அறையில் ஆங்கிலத்தில் பேசிய நாட்களில் கேள்வி கேட்டவர்கள் இரண்டு பேர், தமிழுக்கு மாறியதும் பின்வரிசை விழித்துக்கொண்டது. இன்னொரு லாபமும் உண்டு. "பகிர்ந்தளிக்கப்பட்ட தலைமை" என்ற கருத்தை ஆங்கிலத்தில் "டிஸ்ட்ரிபியூட்டட் லீடர்ஷிப்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். தமிழில் சொல்லும்போது "யார் யாருக்கு எதைப் பகிர்ந்தார்?" என்று உடனே கேட்பார்கள். உங்கள் பள்ளியில் இன்னோர் ஆசிரியருக்கு எமிஸ் பாஸ்வேர்டைப் பகிர்ந்தது தலைமைப் பகிர்வா, வேலைத் தள்ளிவிடலா என்று அரை மணி நேரம் சண்டை நடக்கும். அந்தச் சண்டையை ஆய்வேட்டில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

சனிக்கிழமை வேலை நாளாகிவிட்டால், அல்லது சி.ஆர்.சி. (குறுவள மையம்) பயிற்சி வந்துவிட்டால், ஓ.டி. (ஆன் டியூட்டி) கிடைப்பது சந்தேகம், சி.எல். (தற்செயல் விடுப்பு) போட வேண்டியிருக்கும். அதற்காகச் செமினாரைத் தவறவிடாதீர்கள், மாதத்துக்கு ஒன்றுதானே. பேசுகிற முறை உங்களுடையது இல்லாத நாளிலும் போங்கள். மற்றவர்கள் கட்டுரைக்குக் கேள்வி கேட்டுப் பழகியவர்கள்தான் தங்கள் கட்டுரையில் வரும் கேள்வியைத் தாங்குகிறார்கள்.

அடுத்த மாதத்துக்கு என்ன கொண்டுபோவது என்று இன்னும் குழப்பமாக இருந்தால், உங்கள் அலுவலக பீரோவைத் திறந்து இந்த வருடம் உங்களைத் தூங்கவிடாமல் செய்த ஒரு சுற்றறிக்கையை எடுங்கள். அதற்கு மேலிருந்து வந்த காகிதத்தையும், அதன்படி நீங்கள் எழுதிக் கையெழுத்திட்ட பதிவேட்டுப் பக்கத்தையும் சேர்த்து வையுங்கள். மூன்றையும் ஜெராக்ஸ் எடுத்து, ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தெரியாமல் ஒயிட்னர் வைத்து அடித்துவிடுங்கள். தேதியை மட்டும் அழிக்காதீர்கள்.